அசிடிட்டிக்கு ஸ்கேன் எடுத்ததில் அட்ரினல் கட்டி, இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மழைக்குருவி:
அப்பாவுக்கு 61 வயது. பல வருஷமாக நெஞ்செரிச்சல், சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களித்துக்கொண்டு வரும். தினமும் காலையில் அமிலத்தைக் குறைக்க பாண்டோபிரசோல் 40, பி.பி.க்கு அம்லோடிபின். மேல்வயிற்று வலி விடாமல் இருந்ததால் ஊசி மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்தார்கள். வலிக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை, ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள இடது அட்ரினல் சுரப்பியில் 2 செ.மீ. கட்டி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. வயிற்று டாக்டர், இது வேறு அது வேறு, ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இந்தக் கட்டிதான் அசிடிட்டியைக் கிளப்புகிறதா? எடுத்துவிட்டால் எரிச்சல் போய்விடுமா? டெஸ்ட்டுக்கு முன்னால் பாண்டோபிரசோலை நிறுத்த வேண்டுமா?

ராத்திரி_டியூட்டி:
உங்கள் வயிற்று டாக்டர் சொன்னது அனேகமாகச் சரி. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்யும்போது தற்செயலாக அட்ரினல் கட்டி கண்ணில் படுவது ரொம்ப சகஜம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். அதில் பெரும்பாலானவை எந்த ஹார்மோனையும் அதிகம் சுரக்காத சாதுவான அடினோமாக்கள். இடது அட்ரினல் இரைப்பைக்குப் பின்புறம்தான் இருக்கிறது, ஆனால் 2 செ.மீ. கட்டி இரைப்பையை அழுத்தி எதுக்களிக்க வைக்காது. அதனால் அசிடிட்டிக்காக அதை வெட்டி எடுக்கும் பேச்சே வேண்டாம்.

பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, அது கெட்ட கட்டியா. மருந்து செலுத்தாத ஸ்கேனில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு (ஸ்கேனில் அடர்த்தியை அளக்கும் அலகு) அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். உங்களுடையது மருந்து செலுத்தி எடுத்தது என்பதால் சாதா ஸ்கேன் ஒன்று கேட்பார்கள். இரண்டாவது, ஏதாவது சுரக்கிறதா. ராத்திரி 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் கொடுத்து மறுநாள் காலை 8 மணிவாக்கில் கார்டிசால் என்ற அட்ரினல் ஹார்மோனைப் பார்ப்பார்கள், டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. பி.பி. இருப்பதால், உப்பைத் தேக்கி பி.பி.யை ஏற்றும் ஆல்டோஸ்டிரோன், அதைத் தூண்டும் சிறுநீரகச் சுரப்பான ரெனின் இரண்டும் பார்க்க வேண்டும். அட்ரினலின் வகைச் சுரப்பு இருக்கிறதா என்று மெட்டாநெஃப்ரின் டெஸ்ட்டும் இருக்கும். இதற்கெல்லாம் பாண்டோபிரசோலை நிறுத்த வேண்டியதில்லை.

கறுப்புக்காபி:
தொடர்பே இல்லை என்று மூடிவிடாதீர்கள், மருந்து வழியாக ஒன்று இருக்கிறது. என் அக்காவுக்குத் திடீர் திடீரென்று படபடப்பு, வேர்வை, தலைவலி, கூடவே குமட்டல், எல்லாவற்றையும் கேஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பி.பி. எகிறி, ஆளே வெளிறிப்போய், ஐ.சி.யூ.வுக்கு ஓடினோம். அப்புறம்தான் ஃபியோகுரோமோசைட்டோமா, அதாவது அட்ரினலின் வகை ஹார்மோனைக் கொட்டும் அட்ரினல் கட்டி என்று தெரிந்தது. எதுக்களிப்புக்கும் குமட்டலுக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கிற மருந்து அது, ஆனால் இந்தக் கட்டி இருக்கும் என்று சந்தேகம் இருந்தாலே கொடுக்கக் கூடாது. மெட்டாநெஃப்ரின் ரிசல்ட் வருகிறவரை அப்பாவுக்கு யார் எந்த வாந்தி மருந்து எழுதினாலும் அட்ரினலில் கட்டி இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். அதில் ஊசியை விட்டு சதை எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், ஃபியோ இல்லை என்று உறுதியாகாமல் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

வேப்பமர_நிழல்:
இத்தனை மாத்திரை எதற்கு? அதிமதுரப் பொடியை வெந்நீரில் கலந்து இரண்டு வேளை குடிக்கச் சொல்லுங்கள், நெஞ்செரிச்சல் பறந்துவிடும். பக்கவிளைவே கிடையாது.

ராத்திரி_டியூட்டி:
ஐயா, தயவுசெய்து இந்த ஆளுக்கு அதைச் சொல்லாதீர்கள். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், கார்டிசாலைச் சிறுநீரகத்தில் செயலிழக்க வைக்கும் நொதியைத் தடுத்துவிடும். அப்புறம் கார்டிசாலே ஆல்டோஸ்டிரோன் மாதிரி வேலை செய்து உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் அட்ரினல் கட்டி போலவே இருக்கும்! அதிமதுரத்திலிருந்து எடுத்த கார்பினாக்சலோன் என்ற அல்சர் மருந்து ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்தது, அதற்கும் இதே தொல்லைதான்.

மழைக்குருவி:
அடக் கடவுளே, அப்பா ஏற்கெனவே தினமும் அதைத்தான் குடிக்கிறார். போன மாதம் பொட்டாசியம் 3.2 என்று குறைவாக வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராத்திரி_டியூட்டி:
இன்றோடு நிறுத்துங்கள், பொட்டாசியம் இன்னும் 3.2லேயே இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் எடுப்பதற்கு முன் குறைந்தது 4 வாரம் அதிமதுரம் உள்ளே போயிருக்கக் கூடாது, பொட்டாசியத்தையும் சரி செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிசல்ட்டை நம்ப முடியாது. ஹார்மோன் டாக்டரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டியலில் பொடியை யாரும் எழுதுவதில்லை, அதுதான் சிக்கல்.

லேப்_பெஞ்ச்:
பாண்டோபிரசோல் பற்றி ஒரு சேர்க்கை. குரோமோகிரானின் ஏ என்று, ஹார்மோன் சுரக்கும் சில கட்டிகளைத் தேட ஒரு ரத்த டெஸ்ட்டை யாராவது எழுதினால் கவனம். இந்த வகை அமில மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டாலே அது கணிசமாக ஏறிவிடும், அமிலத்தைச் சுரக்க வைக்கும் கேஸ்ட்ரின் ஹார்மோனும் அப்படித்தான், பார்ப்பவர்கள் கட்டி என்று பயந்துவிடுவார்கள். அதற்கு மட்டும் மாத்திரையை இரண்டு வாரம்போல நிறுத்தச் சொல்வார்கள், அதுவும் டாக்டர் சொன்னால்தான்.

எங்கேயாவது அசிடிட்டியும் அட்ரினலும் ஒரே வேரிலிருந்து வருமா என்றால், எம்.இ.என். 1 என்ற பரம்பரை நோயில் வரலாம். கணையத்திலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ உள்ள கட்டி கேஸ்ட்ரினைச் சுரந்து அமிலத்தைக் கொட்ட வைக்கும், அதே ஆளுக்கு அட்ரினலிலும் கட்டி இருக்கலாம். ரொம்ப அபூர்வம். திரும்பத் திரும்ப அல்சர், விடாத வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கால்சியம் அதிகம், சிறுநீரகக் கல், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்தது என்றால் மட்டும் யோசிக்கலாம். அந்த மாதிரி ஆட்கள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து, அல்சர் ஓட்டையாகிவிடும்.

மழைக்குருவி:
கால்சியம் நார்மல், குடும்பத்திலும் அப்படி யாரும் இல்லை. கடைசியாக ஒன்று, அம்லோடிபின் ஆரம்பித்த பிறகுதான் எதுக்களிப்பு கூடியது என்று அப்பா அடிக்கடி சொல்வார். நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

ராத்திரி_டியூட்டி:
அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வகை மாத்திரைகள் ரத்தக்குழாய்த் தசையைத் தளர்த்துவது போலவே உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வையும் தளர்த்தும். ஆனால் நீங்களாக இப்போது மாற்றாதீர்கள், வேறு சில பி.பி. மாத்திரைகள் ரெனின் டெஸ்ட்டை இதைவிட மோசமாகக் கெடுக்கும். டெஸ்ட் முடிந்ததும் கேளுங்கள், மாற்று கிடைக்கும்.