பழவேற்காடு ஏரியில் பறவை பார்த்தவர்கள், மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மீஞ்சூர்வாசி
போன சீசனில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. அண்ணாமலைச்சேரிப் பக்கம், முட்டியளவுத் தண்ணீர். எங்கள் படகுக்காரர் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். தூரத்தில் பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டம், தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. அப்போது கேமராவோடு நாலைந்து பேர் மோட்டார் படகில் நேராக அதற்குள்ளேயே விட்டார்கள். முதலில் கழுத்துகள் எல்லாம் நிமிர்ந்தன. அப்புறம் நடை, அப்புறம் ஓட்டம். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது, தண்ணீர்மேல் ஓடித்தான் எழ வேண்டும். சிறகு விரிந்து சிவப்பும் கறுப்பும் தெரிந்ததும் அந்தப் படகில் ஒரே கைதட்டல். பின்னால் சாம்பல் நிறத்தில் ஓர் இளம்பறவை. ஓடியது, சிறகடித்தது, எழ முடியாமல் மறுபடி தண்ணீரிலேயே நின்றுவிட்டது. குஜராத்தின் கட்ச் ரண் உப்புச் சதுப்பில் பிறந்து இவ்வளவு தூரம் வந்த பறவையாக இருக்கலாம். அதை இங்கே வந்து விரட்டுகிறோம். ஏரிக்குள் படகே விடக் கூடாது என்பேன்.

ஏரிக்கரைப் பேரன்
படகே கூடாது என்றால் நாங்கள் எங்கே போவது சார்? இது எங்கள் சோறு. எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று பாடு முறை வைத்து, முறை மாற்றி மாற்றித் தொழில் செய்கிறோம். பூநாரை எங்களைப் பார்த்து ஓடுவதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இருளர் வீட்டு அக்கா ஒருவர் இறால் தடவிக்கொண்டிருந்தார். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றில் விட்டு, உட்கார்ந்தபடியே நகர்வார். இறால் கையில் பட்டால் அப்படியே பறிக்குள் போகும். கல்லெறி தூரத்தில் பூநாரைகள். அவையும் சேற்றைக் கலக்கித் தின்றன, இவரும் சேற்றைக் கலக்கினார். ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. கரையில் கார்க் கதவை யாரோ சாத்திய சத்தத்துக்குத்தான் பாதிக் கூட்டம் நகர்ந்தது. பறவைக்கு ஆள் தெரியும். படகைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே இருப்பவர்களைச் சொல்லுங்கள்.

தூரநோக்கி
சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் நின்றிருந்தேன். சேற்றுத்திட்டு முழுக்க உள்ளான்கள், சேற்றில் மேய்கிற சின்னக் கரைப்பறவைகள். திடீரென்று மொத்தமும் எழுந்து இறுகி உருண்டது. மேலிருந்து பொரி வல்லூறு என்கிற வேட்டைப்பறவை விழுந்த வேகத்தில் காற்று கிழிகிற சத்தம் கேட்டது. ஒன்றைத் தட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். அண்ணாமலைச்சேரி ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது, காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். பறவையெல்லாம் நிழலுருவாகத்தான் தெரியும், மாலையில் போங்கள். ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியைக் கிழக்கு மேற்காக வெட்டிப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் சாலையின் வடக்குப் பக்கத்தைப் பார்த்தால் நிறம் சரியாகத் தெரியும். நவம்பர் டிசம்பரில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தால் ஏமாற்றம்தான், ஜனவரி தாண்டித் தண்ணீர் வற்றினால்தான் சேறு வெளியே வரும், சின்னப் பறவைகள் கிட்டே வரும். பைனாகுலர் மட்டும் போதாது, முக்காலியில் வைக்கிற டெலஸ்கோப் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். பூநாரையின் அலகைப் பாருங்கள்: இளஞ்சிவப்பில் நுனி மட்டும் கறுப்பு என்றால் பெரிய பூநாரை, அலகு முழுக்க அடர்சிவப்பு என்றால் சிறிய பூநாரை. வெள்ளைச் சட்டை வேண்டாம். காரை விட்டு இறங்காமலே பார்ப்பது இன்னும் நல்லது.

வேதாரண்யத்தான்
எங்கள் ஊர்ப் பக்கம் கோடியக்கரை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டும்போது கொசு உள்ளான் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். 20, 25 கிராம்தான் இருக்கும். ஆர்க்டிக் பக்கம் முட்டையிடுகிற பறவை. என் விரல்களுக்கிடையே அதன் நெஞ்சு அடித்த வேகம் இன்னும் கையில் இருக்கிறது. பேரன் சொல்வதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன்: விரட்டினால் படம் கெட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். திரும்பிப் போகிற பயணத்துக்கு அது இங்கே தின்று சேர்க்கிற கொழுப்புதான் எரிபொருள். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதிலிருந்துதான் செலவாகிறது.

மீஞ்சூர்வாசி
பேரன் தம்பி, வலைப்படகை நான் சொல்லவில்லை, சவாரிப் படகைச் சொன்னேன். மோட்டாரோடு கூட்டத்துக்குள் போவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அக்கா இறால் தடவுவதைப் பையனுக்குக் காட்ட வேண்டும். உங்கள் பக்கம் கழி ஊன்றி மட்டும் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்களா?

ஏரிக்கரைப் பேரன்
இருக்கிறார்கள் சார். பொங்கல் கழித்து வாருங்கள், காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. படகில் ஏறும்போதே “தூரமாக நிறுத்துங்கள்” என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். கிட்டே போ, கிட்டே போ என்று கூடுதல் காசு நீட்டுகிறவர்களால்தான் பிரச்சினை.