பொமரேனியன் குட்டி வீடு பூரா உச்சா போகுது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்

நிவி_மடிப்பாக்கம்:
குட்டி வந்ததுலேந்து வீடு பூரா உச்சா போய்ட்டே இருக்கு. மூணாவது மாடி ப்ளாட்டு, பால்கனில பேப்பர் போட்டு வச்சிருக்கேன், அத கிழிச்சு விளையாடிட்டு உள்ள வந்து சோபாவுக்குப் பின்னாடி போகுது. அத்தை யாருக்காச்சும் குடுத்துடுன்னு ஒரே சத்தம். எனக்கு குடுக்க மனசே இல்ல. என்ன பண்ணா சரியாகும்? அவசரம்.

கோவை_குமரன்:
எத்தன மாசம்? ஆணா பொண்ணா? ஊசி போட்டாச்சா? பகல்ல வீட்ல யார் இருக்கா? இதெல்லாம் சொல்லாம எப்டிங்க சொல்றது.

டைகர்_அப்பா:
பினாயில் போட்டுத்தான தொடைக்கிறீங்க? அதான் காரணம், நான் அடிச்சு சொல்றேன். நமக்கு பினாயில் வாசம்தான் வரும், அதுக்கு அடியில இருக்க உச்சா வாசம் நல்லா தெரியும், திரும்ப அதே எடத்துக்குத்தான் வரும். பெட் ஷாப்புல என்சைம் க்ளீனர்னு கேளுங்க, கிடைக்கலைன்னா வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து தொடைங்க. பினாயில் தரைய நக்கினா குட்டிக்கு ஆபத்து வேற.

ராணி_திருமங்கலம்:
எங்க அப்பா காலத்துல மூக்க அதுலயே தேய்ச்சு ரெண்டு தட்டு தட்டுவாங்க, அடுத்த வாரமே சரியாயிடும்.

நாய்வளர்ப்பு_சீனியர்:
இதே கேள்விக்கு இங்க எத்தன தடவ பதில் எழுதியிருக்கேன்னு எனக்கே தெரியல. தேடிப் பாக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்ல. குட்டி வாங்குறதுக்கு முன்னாடி படிக்கணும்மா, வாங்கின அப்புறம் அழக்கூடாது.

நிவி_மடிப்பாக்கம்:
சாரி, அவசரத்துல எழுதிட்டேன். பொமரேனியன், பொண்ணு, ரெண்டர மாசம். முதல் ஊசி மட்டும் போட்டிருக்கு. எடை 2 கிலோவுக்கு மேல. ஆமா பினாயில்தான். பகல்ல அத்தை மட்டும், அவங்க பாத்தா கத்துவாங்க.

கோவை_குமரன்:
அப்ப சோபா பின்னாடி ஏன் போகுதுன்னு புரிஞ்சிடுச்சு. ராணி அக்கா தப்பா நெனைக்காதீங்க, திட்டினாலோ மூக்க தேய்ச்சாலோ "இங்க போகக்கூடாது"ன்னு குட்டிக்குப் புரியாது, "இவங்க கண்ணு முன்னாடி போகக்கூடாது"ன்னுதான் புரியும், அதான் ஒளிஞ்சு போகுது. நிவி, ரெண்டர மாசக் குட்டிக்கு அடக்கவே முடியாதுங்க, மிஞ்சிப் போனா ரெண்டு மூணு மணி நேரம், சின்ன ஜாதின்னா அதுக்கும் கம்மி, முழிச்சு விளையாடுறப்ப இன்னும் கம்மி. தூங்கி எந்திரிச்ச உடனே, சாப்ட்டு கால் மணி நேரத்துல, விளையாடி முடிச்சதும், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நீங்களே தூக்கிட்டுப் போய் பேப்பர்ல விட்டுட்டு கூடவே நில்லுங்க. போய் முடிச்ச அந்த செகண்ட் அங்கயே ஒரு துண்டு சிக்கன் குடுங்க, உள்ள வந்து குடுத்தா எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. லேசா உச்சா பட்ட பழைய பேப்பர் துண்ட புது பேப்பர் அடியில வைங்க. ஊசி எல்லாம் முடியற வரைக்கும் தெருவுல மட்டும் இறக்காதீங்க, பார்வோன்னு ஒரு வைரஸ் நோய் வந்தா குட்டி பொழைக்கறதே கஷ்டம்.

நாய்வளர்ப்பு_சீனியர்:
ரெண்டர மாசத்துல 2 கிலோன்னா அது பொமரேனியனே இல்ல. பொம் வளந்து முடிஞ்சாலே 3 கிலோ சொச்சம்தான். இது இந்தியன் ஸ்பிட்ஸ், உங்கள ஏமாத்திட்டாங்க.

டைகர்_அப்பா:
ஸ்பிட்ஸா இருந்தா என்ன சார்? நம்மூர்ல காலங்காலமா வெள்ளையா புசுபுசுன்னு இருந்தாலே பொமரேனியன்னுதான் சொல்றோம். நம்ம வெயில தாங்குறது ஸ்பிட்ஸ்தான். புள்ள அழுதுட்டிருக்கு, நீங்க சர்டிபிகேட் கேக்குறீங்க.

நாய்வளர்ப்பு_சீனியர்:
எத வளக்குறோம்னு தெரியாமயே வளக்கலாம்னு சொல்ல வர்றீங்களா? இப்டி விட்டுத்தான் விக்கிறவன் எல்லாம் பொம் விலைக்கு ஸ்பிட்ஸ விக்கிறான்.

ராணி_திருமங்கலம்:
இதுக்குத்தான் நம்மூரு வேட்டை நாய் சிப்பிப்பாறை வளக்கணும்ங்கறது.

டைகர்_அப்பா:
மூணாவது மாடி ப்ளாட்ல சிப்பிப்பாறையா அக்கா? அது ஓடுறதுக்கு எங்க போறது?

செல்லம்_திருச்சி:
சண்டைய கொஞ்சம் நிறுத்துங்க. நிவி, ஒரே ஒரு கேள்வி. ஒரே தடவையா நிறைய போகுதா, இல்ல சொட்டு சொட்டா அடிக்கடியா? படுக்குற எடத்துலயும் போகுதா? நாய் பொதுவா படுக்கைய அசிங்கம் பண்ணாது. பொண்ணு குட்டிகளுக்கு உச்சாப்பைல இன்ஃபெக்‌ஷன் வர்றது சகஜம், அதுன்னா எந்த பழக்கமும் வேலைக்கு ஆகாது. அப்புறம் உச்சாவுக்கு பயந்து தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க, வேளா வேளைக்கு சாப்பாடும் குடுங்க, இத்துணூண்டு குட்டிக்கு பசியில சர்க்கரை எறங்கிடும்.

நிவி_மடிப்பாக்கம்:
அய்யோ ஆமா, சொட்டு சொட்டாத்தான். அதோட மெத்தைலயும் போயிருக்கு. தண்ணி கிண்ணத்த அத்தை எடுத்து உள்ள வச்சிட்டாங்க, இப்பவே திரும்ப வைக்கிறேன்.

செல்லம்_திருச்சி:
நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி இருக்கே, அங்க கூட போகலாம். மெத்தை நனைஞ்ச நேரத்த எழுதி வச்சு காட்டுங்க, அவங்களுக்கு உதவும்.

கோவை_குமரன்:
நிவி என்னாச்சு? போனீங்களா?

டைகர்_அப்பா:
ஆள காணோமே. குட்டி நல்லா இருக்கான்னு மட்டுமாச்சும் சொல்லும்மா.

நிவி_மடிப்பாக்கம்:
போய்ட்டு வந்தேன், யூரின் டெஸ்ட் எடுத்தாங்க, இன்ஃபெக்‌ஷன்தான். மருந்து போய்ட்டிருக்கு, மெத்தைல இப்ப போறதில்ல. பேப்பர்ல காலைல மட்டும் கரெக்டா போகுது, சாயங்காலம் இன்னும் சோபா பின்னாடிதான். அத்தைகிட்ட பேசிட்டேன், கத்த மாட்டேன்னு சொல்லிருக்காங்க. செல்லம் அக்கா ரொம்ப தேங்க்ஸ்.

கோவை_குமரன்:
சோபாவ செவுத்தோட ஒட்டிப் போடுங்க, இல்ல அந்த எடத்துல அவளோட சாப்பாட்டு தட்ட வைங்க, சாப்டுற எடத்துல போகமாட்டா. நல்லா இருக்கான்னு மருந்த பாதில நிறுத்திடாதீங்க.