முதிரைக் கதவு சீவ மெசினா, கைச்சீவுளியா?

புதுநிலை:
மூண்டு முதிரைக் கதவு, வேம்பு நிலை. ஒவ்வொரு கதவும் நிலையை விட ரண்டு நூல் (நூல் எண்டால் அங்குலத்தில எட்டில ஒண்டு) அகலம் கூட. கொட்டில் கூரைக்குப் பனஞ்சலாகையும் (பனைமரச் சட்டம்) சீவக் கிடக்கு. ஒண்டு வாங்கத்தான் காசு: 82 மி.மீ. கரண்ட் சீவுளியோ, 5ஆம் நம்பர் இரும்புச் சீவுளியோ?

கொட்டாப்புளி:
கைச்சீவுளிதான், யோசிக்கத் தேவையில்லை. முதிரையில நார் பட்டை பட்டையாத் திசை மாறி ஓடும். எதிர்நாரில மெசின் போனால் செதில் பேர்ந்து குழி விழும், பிறகு எவ்வளவு மண்தாள் போட்டாலும் வடு போகாது. அலகை 25 பாகையில சாணை பிடிச்சு, நுனியை எண்ணெய்க்கல்லில 30 பாகைக்குத் தீட்டுங்கோ. அலகுக்கு மேல பூட்டுற மேல்தகடு, அலகு நுனியில இருந்து அரை மி.மீ.க்குள்ள இருக்கவேணும். சுருள் எழும்பின உடனே மடிஞ்சு முறியும், மரம் பேராது.

மெசின்மணி:
அண்ணை, ரண்டு நூல் எண்டால் 6 மி.மீ.க்கு மேல. கையால தரத்துக்கு 0.1 மி.மீ. எடுத்தால் ஒரு கதவுக்கே 60 தரத்துக்கு மேல தள்ளவேணும், அதுவும் முதிரையில! மரம் பேர்றது மெசினால இல்லை, ஒரே தரத்தில 2 மி.மீ. இறக்கிறதால. அரை மி.மீ.க்கு மேல இறக்காதேங்கோ.

அலையலையாய் வாறதுக்கும் கணக்கு இருக்கு. பிளேட் பூட்டின உருளை நிமிசத்துக்கு 16,000 சுற்று, பிளேட் ரண்டு, ஆக 32,000 வெட்டு. நிமிசத்துக்கு 4 மீற்றர் தள்ளினால் வெட்டுக்கு வெட்டு 0.125 மி.மீ., கண்ணுக்குத் தெரியாது. 10 மீற்றர் ஓட்டினால் 0.3, அலை அவ்வளவுக்கு அகலும்.

தொடங்கேக்க மெசின்ர அடியில இருக்கிற முன்தட்டில பாரம், முடிக்கேக்க பின்தட்டில. மாறினால் நுனியில பள்ளம். ஒரு பக்கத்தாலயே முழுக்க எடுக்காமல் பக்கத்துக்கு ஒரு நூலா எடுங்கோ, இல்லாட்டில் கதவின்ர கால் (பக்கத்து நெட்டுச் சட்டம்) ரண்டும் ஒரே அகலமா நிக்காது.

கொட்டாப்புளி:
நீளப்பக்கம் சரி எண்டு வைப்பம். அடிப்பக்கம்? அங்க கால் ரண்டிலயும் குறுக்குவெட்டு. மெசின் வெளியேறுற மூலை அங்குலக் கணக்கில பிளக்கும்.

மெசின்மணி:
கைச்சீவுளி பிளக்காதோ? ரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்: ரண்டு மூலையில இருந்தும் நடுவுக்குச் சீவவேணும், அல்லது வெளியேறுற பக்கம் ஒரு கழிவுத் துண்டைக் கதவோட மட்டமா இறுக்கி, அதில பிளக்க விடவேணும். சீவின அடிமுகத்துக்கும் வார்னிஷ் அடியுங்கோ. வெறுமையா விட்டால் குறுக்குவெட்டு முகம் கார்த்திகை மழைத் தண்ணியை உறிஞ்சி ஊதும், பிறகு கதவு இறுகுது எண்டு ஓடாவியைத் திட்டுவியள்.

அளவெட்டிப்பனை:
சலாகையை ரண்டு பேரும் மறந்திட்டியள். பனையில வெளிப்பக்கம் கறுப்பு நார், இரும்பு மாதிரி, உள்ளுக்குச் சோறு. கைச்சீவுளி நாரைக் கிளப்பிக்கொண்டு வரும், சாதாரண பிளேட் கெதியில மொட்டையாகும். வாச்சியால (அலகு பிடிக்குக் குறுக்கால நிக்கிற செதுக்குக் கருவி) செதுக்கிறதுதான் சரி. சிராய் விரலில ஏறினால் லேசில வராது, தோல் கையுறை போடுங்கோ.

கொட்டாப்புளி:
வாச்சிக்கு என்ர ஓட்டு. முதிரைத்தூள் தோலில கடிக்கும் எண்டதையும் சொல்லுங்கோ. கைச்சீவுளியில வாறது சுருள், மெசினில தூளும் சேர்ந்து பறக்கும்.

மெசின்மணி:
அது மெய், முகமூடியும் நீளக்கைச் சட்டையும் வேணும்.

புதுநிலை:
அப்ப கைச்சீவுளியை வாங்கிறன். மெசினை ரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாமோ?

மெசின்மணி:
எடுக்கலாம். ஆனால் வாங்கேக்க பிளேட்டைப் பாருங்கோ. ஆணியில பட்டு நுனி உடைஞ்சிருந்தால் சீவின முகத்தில நூல் மாதிரி ஒரு வரம்பு எழும்பி நிக்கும். பிளக்கைக் கழட்டிப்போட்டு, பின்தட்டில இரும்பு அடிமட்டத்தை வைச்சு உருளையைக் கையால சுத்துங்கோ. ரண்டு பிளேட்டும் அடிமட்டத்தைத் தொட்டும் தொடாமலும் போகவேணும். ஒண்டு உயர்ந்திருந்தால் அது மட்டும்தான் வெட்டும், நான் சொன்ன 0.125 கணக்கு இரட்டிச்சுப் போகும்.

கொட்டாப்புளி:
சுவிச்சை நிப்பாட்டினாலும் உருளை கொஞ்ச நேரம் சுத்தும். நிக்க முதல் நிலத்தில வைச்சிடாதேங்கோ.