பழைய லாரியைத் தேற்றியவர்கள், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் எழுதுங்கள்

மூக்குவண்டி

அப்பா ஓட்டிய மூக்கு வைத்த பென்ஸ், 1967 மாடல். முகப்பில் நட்சத்திரம் இருக்கிற வண்டி. 1969இல் டாடாவும் பென்ஸும் பிரிந்த பிறகு நட்சத்திரம் போய் டாடாவின் டி எழுத்து வந்துவிட்டது, உங்களுக்குத் தெரியாததா. அப்பா போன பிறகு பன்னிரண்டு வருடம் புளியமரத்தடியில் நின்றது.

என்ஜினைப் பிரித்தது, லைனர் போட்டது, கிராங்க் கிரைண்டிங், பம்ப், நோசில் எல்லாம் எழுதப்போவதில்லை. பட்டறைப் பக்கம் போனவர்களுக்கெல்லாம் ஒரே கதைதான். மூன்று லட்சத்தில் முடித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. ஏழேகாலில் வந்து நின்றது. டயர் மட்டும், ஓடுகிற ஆறும் ஸ்டெப்னியும் சேர்த்து, ஒன்றேகால் லட்சம்.

லைனர் போடும்போது கையில் சுத்தமாகக் காசு இல்லை. வீட்டுக்காரியின் வளையல் நான்கு, ஐந்து பவுன், அடகுக்குப் போனது. அவளாகவே கழற்றிக் கொடுத்தாள் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். நான் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன்.

சொல்ல வந்தது அது இல்லை. போன மாதம் பெயிண்ட் முடிந்து பேர் எழுத ஆர்ட்டிஸ்ட் வந்தார். ஏணியில் ஏறி நெத்திப் பலகையில் சாக்பீஸ் தடவிய நூலை இழுத்து அடித்தார். இரண்டு வெள்ளைக் கோடு விழுந்தது. அப்படியே திரும்பி, "அண்ணா, பேரு என்னங்க எழுதறது?" என்றார். அன்றைக்கு அவளும் வந்திருந்தாள், பட்டறைக்கு முதல் தடவையாக. எல்லோருக்கும் டீ கொண்டுவந்திருந்தாள். நான் யோசிக்கவே இல்லை, அப்பா பேரைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக்கொண்டிருந்த அவள் கை கண்ணில் பட்டது. சிவப்புக் கண்ணாடி வளையல் இரண்டு, அவ்வளவுதான்.

"ஏனுங்க, மாமா பேரு தூரத்துல இருந்தே தெரியற மாதிரி பெருசா எழுதச் சொல்லுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.


மாம்பலம் டிஸ்போசல்

இதற்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை? அப்பா பேருக்குக் கீழே அவங்க பேரையும் சின்னதாக எழுதிவிட்டால் முடிந்தது.

என் கதையைக் கேளுங்கள். உலகப் போருக்கு வந்து, முடிந்த பிறகு ராணுவம் ஏலத்தில் விட்ட டாட்ஜ் வண்டி. வாங்கியது குறைந்த விலைதான், அதன் பிறகு கொடுத்ததுதான் விலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் இருப்பேன். வீட்டில் வாக்கிங் என்று சொல்லியிருந்தேன். வாக்கிங் போனவன் ஹெட்லைட் வளையத்தோடு திரும்பி வந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் வாங்குவதை எல்லாம் துணியில் சுற்றிப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் செருகி வைத்தேன். வருடத்தில் 355 நாள் யாரும் தொடாத இடம்.

மீதிப் பத்து நாளை மறந்துவிட்டேன்.

நவராத்திரி முதல் நாள் ஆபீஸிலிருந்து வருகிறேன். கூடத்தில் ஏழு படி கொலு. கீழே தரையில் கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்து ஒரு பூங்கா. பூங்காவுக்கு வேலியாக என்னுடைய ரேடியேட்டர் கிரில். நடுவில் குளம், அதற்குக் கரையாக ஹெட்லைட் வளையம், உள்ளே தண்ணீர், தண்ணீரில் பிளாஸ்டிக் வாத்து. ஸ்டியரிங் சக்கரத்தைப் படுக்க வைத்து அதன் மேல் கிருஷ்ணனும் கோபியரும் ராசலீலை. வந்த மாமிகள் எல்லாம், "ரொம்ப வித்தியாசமா இருக்கே, எங்கே கிடைச்சது?" என்று கேட்கிறார்கள். "அவரைத்தான் கேக்கணும், வாக்கிங் போற வழியிலே வாங்குவார்" என்று சொல்லிச் சுண்டல் கொடுக்கிறாள். ஒன்பது நாளும் இதே பதில்தான்.

அந்த வளையத்தில் துரு ஏறிவிட்டது. மறுபடி குரோம் பூச 1,800 ரூபாய் ஆனது. அதைச் சொல்ல முடியுமா?

மூக்குவண்டிக்கு ஒரு யோசனை. உங்கள் வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பழங்கால வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவுக்கு எழுதிப் போட்டு, வி.ஏ. என்று வரும் நம்பர் வாங்கிவிடுங்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுத் தொல்லை எதுவும் இருக்காது.


கோமெட் வீட்டம்மா

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் லேலண்ட் கோமெட். மாமனார் காலத்து வண்டி.

செலவுக் கணக்கை எங்கள் வீட்டுக்காரர் நோட்டுப் போட்டு ஒழுங்காக எழுதுவார். கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை, கேபின் டிங்கரிங், பட்டி பார்த்த கூலி, எல்லாம் தேதி வாரியாக இருக்கும். ஒருநாள் அந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பதினான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மேஸ்திரி, டிங்கர், இரண்டு பையன்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை கறிக்குழம்பு. சின்னப் பையனுக்கு ரசம் இல்லாவிட்டால் இறங்காது. நோட்டில் டீ செலவுகூட இருக்கிறது. சோறு இல்லை.

அந்தப் பையன் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போய் ஃப்ரிட்ஜ் கதவில் கிரீஸ் கையை வைத்துவிட்டான். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்துவிட்டது. நான் துடைக்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்று விட்டேன். எட்டு மாதம் ஆகிறது, தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் தயிர் எடுக்கிறார்.

மாம்பலம் சார், "கீழே சின்னதாக எழுதிவிட்டால் முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "சின்னதாக" என்ற இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வீட்டம்மா கொலு வைத்தது ரொம்பச் சரி.


பேப்பர் முக்கியம்

மாம்பலத்தார் சொன்னதை நம்பி யாரும் அலைய வேண்டாம். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு விதி இருசக்கர வண்டிக்கும் எம்1 வகைக்கும் மட்டும்தான். எம்1 என்றால் ஆள் ஏறும் கார். லாரி அதில் வராது, டிஸ்போசல் டாட்ஜும் சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் வராது. வந்தாலும் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்து மறுபடி 5,000. அந்த நம்பரை வைத்துக்கொண்டு சும்மா கடைத்தெருவுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, டீசல் போடுவது, பராமரிப்பு என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். அதனால் லாரி வைத்திருப்பவர்கள் எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. காட்டியே ஆக வேண்டும்.

மூக்குவண்டி, நெத்தியில் யார் பேர் என்பது இருக்கட்டும், ஆர்.சி. புத்தகம், அதாவது வண்டிப் பதிவு, யார் பேரில் இருக்கிறது? அப்பா பேரிலேயே கிடந்தால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள், தங்கை இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். அந்தக் காலத்துப் புத்தகம் என்றால் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. முதலில் பழைய பதிவை ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த விண்ணப்பமும் நகராது. வரி எந்த வருடம்வரை கட்டியிருக்கிறது என்ற ரசீதைத் தேடுங்கள். பன்னிரண்டு வருடம் நின்ற வண்டி, நிறுத்தும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்தீர்களா?

இன்னொன்று. டயர் புதிது என்றீர்கள். பழைய வீலில் டயரைப் பிடித்து நிறுத்த லாக் ரிங் என்று ஓர் இரும்பு வளையம் இருக்கும். ரிங் துருப்பிடித்திருந்தால் காற்றடிக்கும்போது பறக்கும். பறந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். காற்றடிக்கும் முன் வீலைச் சுற்றி இரும்புச் சங்கிலி போடுங்கள், நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ரிங்கை நிமிர்த்தி, வெல்டு வைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வண்டியை எடுத்துவிடுங்கள்.

என் கதை சின்னது. ஃபார்கோ லாரி வைத்திருந்தேன். பாதி வேலையில் விற்றேன், அந்தக் காசில் சமையலறையைப் பெரிதாக்கினோம். அங்கே உட்கார்ந்து டீ குடிக்கும்போதெல்லாம், ஃபார்கோவை உள்ளே நிறுத்தினால் மூக்கு எதுவரை வரும் என்று கண்ணால் அளப்பேன். அவளுக்குத் தெரியும். "கேஸ் அடுப்பு வரைக்கும் வரும்" என்பாள்.


தென்மராட்சியான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பெட்ஃபோர்ட் லொறி, மாமாவின்ரை, அதாவது மனுசியின்ரை அப்பாவின்ரை. பெற்றோல் என்ஜின். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் பெற்றோல் எங்கே? கார்புரேட்டரில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின லொறி. அந்தப் புகை மணம் எங்கட வயசுக்காரருக்கு நல்லாத் தெரியும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினவுடன் பழைய வாகனங்களுக்கு விலை ஏறிப் போச்சுது. கனபேர் லொறியைக் கேட்டு வந்தவை. நான் குடுக்கேல்லை, திருத்துவம் எண்டு இறங்கினேன். 2022இல் டீசல் வரிசை, பெற்றோல் வரிசை, சாமானெல்லாம் மூண்டு மடங்கு விலை. மனுசி ஒண்டும் கதைக்கேல்லை. அப்பாவின்ரை லொறி எண்டு அவவுக்கும் ஆசைதான் போல எண்டு நினைச்சுக்கொண்டிருந்தேன்.

கராஜால எடுத்து வந்த அண்டைக்கு வாசலில் தேசிக்காய் வைச்சு, முன் சீற்றைத் துடைச்சு, "ஏறும், சந்நிதிக்குப் போய் வருவம்" எண்டு கூப்பிட்டேன். பின்னுக்குப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டா. "தொண்ணூற்றைஞ்சில ஏறினது காணும்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டா.

சண்டைக்குப் பயந்து வலிகாமப் பக்கத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்ட அந்த ஒக்டோபர் இரவு, அதே லொறியின்ரை பெட்டியில, நாற்பது பேரோட, செம்மணியால வந்தவ. அப்ப அவவுக்குப் பதினொரு வயசு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் எனக்கு ஓடேல்லை. நான் பெயின்றைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சந்நிதிக்கு பஸ்ஸில போனம்.


பி6 தேடுபவன்

எல்லாம் படித்தேன். சிம்சன் பி6 என்ஜினுக்கு நல்ல நோசில் எங்கே கிடைக்கும்? ஜி.பி. ரோட்டில் மூன்று கடையில் கேட்டாயிற்று. உக்கடத்தில் ஒருவர் இருக்கிறது என்று சொல்லி வேறு எதையோ கொடுத்துவிட்டார்.


மாம்பலம் டிஸ்போசல்

கோமெட் வீட்டம்மாவுக்கு: நான் தப்பாகச் சொல்லவில்லை. "சின்னதாக" என்றது பலகையில் இருக்கிற இடத்தைப் பார்த்து. நெத்திப் பலகை எத்தனை அடி இருக்கும்?

பேப்பர் முக்கியத்துக்கு: எம்1 விஷயத்தை விசாரித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அதைச் சொல்ல லாக் ரிங் வரை போயிருக்க வேண்டியதில்லை.


பேப்பர் முக்கியம்

லாக் ரிங் பறந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.


கோமெட் வீட்டம்மா

தென்மராட்சி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மாம்பலம் சார், ஐந்தடி இருக்கும். இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.


மூக்குவண்டி

ஆர்.சி. அப்பா பேரில்தான் இருக்கிறது. தங்கை கையெழுத்துப் போடுகிறேன் என்றுவிட்டாள்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது பேச்சை ஆரம்பித்தேன். ஆர்ட்டிஸ்டை மறுபடி வரச் சொல்கிறேன், உன் பேரையும் எழுதிவிடலாம், ஒரே அளவு எழுத்தில், என்றேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எதுக்குங்க, ரோட்டுல எவனாவது உரசுனா எம் பேருலதான் உரசுவான்" என்றாள். சரி, பேர் வேண்டாம், ஆர்.சி.யை உன் பேருக்கே மாற்றிவிடலாமா, சட்டப்படி உன் வண்டி ஆகிவிடும், என்றேன். எனக்கே அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. அப்பா வண்டி.

அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏனுங்க, எம் பேர்ல மாத்துனா எஃப்.சி., இன்சூரன்சு எல்லாம் நான் கட்டோணுமா? அடகுச் சீட்டு பீரோவுல மூணாவது தட்டுல இருக்குது. வட்டி கட்டற தேதி வர்ற பன்னெண்டு. மொத வளையலைத் திருப்பிக் குடுங்க."

அசலும் வட்டியும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரை விற்றால்தான் முடியும் போலிருக்கிறது. ஆறும் புதுசு, இன்னும் ரோட்டில் இறங்கவே இல்லை, 9.00-20 நைலான். ஸ்டெப்னியும் வேண்டுமானால் தருகிறேன். யாருக்காவது தேவை என்றால் சொல்லுங்கள்.


பி6 தேடுபவன்

டயர் எனக்கு வேண்டாம். நோசில் யாரும் சொல்லவில்லையே?