வெந்நீர் கொட்டுமுன் ஒரு சொல்

சார்ஜாவில் என் அறைத்தோழர் எகிப்துக்காரர். மக்ரோனி வேகவைத்த வெந்நீரைத் தொட்டியில் கொட்டப் போகும்போது சட்டியைச் சற்றே நிறுத்தி, வாய்க்குள் "தஸ்தூர்" என்று முணுமுணுப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "கீழே யாராவது இருந்தால் சுட்டுவிடுமே! அதான் அனுமதி கேட்கிறேன். பாட்டி பழக்கினது" என்றார். அவர் சொன்னது ஜின்களை.

அதுவரை எனக்கு ஜின் என்றால் விளக்கைத் தேய்த்ததும் கைகட்டி நிற்கும் பூதம்தான். அந்த அலாவுதீன் கதையே ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இல்லையாம். 1709இல் ஹன்னா தியாப் என்ற அலெப்போக்காரர் பாரிஸில் சொல்லக் கேட்டு, பிரெஞ்சில் மொழிபெயர்த்த கலான் சேர்த்துக்கொண்டது.

பிறகுதான் எஸ். ஏ. சக்ரபர்த்தியின் 'தி சிட்டி ஆஃப் ப்ராஸ்' (2017) நாவலைக் கையில் எடுத்தேன். 18ஆம் நூற்றாண்டுக் கெய்ரோ. சின்னச் சின்ன ஏமாற்று வேலைகளில் பிழைக்கும் நஹ்ரி, நோயுற்ற சிறுமிக்காக, ஆவி பிடித்தவர்களுக்குச் செய்யும் 'ஸார்' சடங்கை நடத்துகிறாள். விளையாட்டாகத் தன் தாய்மொழியில் பாட, வீரன் ஒருவன் வந்து நிற்கிறான். அவனை ஜின் என்றாலே கோபம் வரும். தான் தேவா என்பான். ஜின்களுக்குள்ளும் ஆறு குலங்கள், பழம்பகை, மொழிகள்! ஒரு குலத்தின் பெயர் அக்னிவன்ஷி. அதைப் படித்ததும் நம்ம பக்கத்து ஆட்கள் என்று மனசு துள்ளியது. குலப்பெயர்கள் முதலில் குழப்பும், விட்டுவிடாதீர்கள்.

ஸார் பற்றி அறைத்தோழரிடம் கேட்டேன். தேநீர்த் தட்டைக் கவிழ்த்துப்போட்டு, பெண்கள் மேளம் அடிக்கும் தாளத்தை விரலால் தட்டிக் காட்டினார். பேயை விரட்டுவதில்லையாம், சமாதானப்படுத்துவதாம். நாவலின் அந்த அத்தியாயம் எனக்கு அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

நாவலின் தலைப்பைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பித்தளை நகரம் அவர் பாட்டி சொன்ன கதை! ஜின்களை சுலைமான் நபி அடைத்த குடுவைகளைத் தேடி, கலீஃபாவின் ஆணைப்படி தளபதி மூஸா இப்னு நுஸைர் பாலைவனம் கடந்து போகிறார். நகரத்தில் எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள். கட்டிலில் அரசி மட்டும் உயிரோடு பார்ப்பதுபோல் இருக்கிறாள். அவள் கண்குழிகளில் பாதரசம் நிரப்பியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் தன் இமைகளை இரண்டு விரலால் தொட்டுக் காட்டினார். சுலைமானி டீ ஆறியே போனது, இருவரும் எடுக்கவில்லை.