தைரிஸ்டர்: கதவு வேண்டாம், 'பற்றாளி' சரிவருமா?

நண்பர்களே,

தைரிஸ்டர் என்பது மின்சுற்றில் சுவிட்சாகப் பயன்படும் ஒரு குறைக்கடத்திக் கருவி. அதற்குத் தமிழில் சொல்லப்படும் 'கதவத்தடையம்' எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. தைரிஸ்டர் என்ற பெயரின் முன்பாதி கதவைக் குறிக்கும் கிரேக்கச் சொல், பின்பாதி டிரான்சிஸ்டரின் வால். ஆனால் கதவைப் பாதி திறந்தும் வைக்கலாம். டிரான்சிஸ்டருக்கு அது பொருந்தும், தைரிஸ்டருக்குப் பொருந்தாது: இது முழுதாகக் கடத்தும், இல்லையேல் மறித்து நிற்கும்.

உள்ளே பி-வகை, என்-வகைக் குறைக்கடத்திகள் மாறி மாறி பி-என்-பி-என் என்று நான்கு அடுக்கு, அவை தொடும் இடங்களாக மூன்று சந்தி. நேர்மின்வாய்க்கு நேர் அழுத்தம் கொடுத்தாலும் நடுச்சந்தி மறித்து நிற்கும். இதையே ஒரு பி-என்-பி, ஒரு என்-பி-என் என இரண்டு டிரான்சிஸ்டர்கள் பின்னிக் கிடப்பதாகப் பாருங்கள். ஒன்றின் ஏற்பான் (கலெக்டர்) மற்றதன் அடிவாய்க்கு (பேஸ்) தீனி போடுகிறது. வாயில் (கேட்) எனும் தூண்டும் முனையில் ஒரு சிறு துடிப்பு கொடுத்தால் போதும், ஒன்றை ஒன்று ஊதிவிட்டு இரண்டும் முழுதாகக் கடத்தத் தொடங்கிவிடும். அப்புறம் வாயில் மின்னோட்டத்தை எடுத்துவிட்டாலும் நிற்காது. பெரிய தைரிஸ்டர்களில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும்போதும் குறுக்கே விழும் அழுத்தம் ஒன்றிரண்டு வோல்ட்தான்.

இது தீப்பற்றுவது போலத்தானே? குச்சியை எடுத்த பிறகும் விறகு எரிகிறது. அதனால் என் பரிந்துரை 'பற்றாளி': பற்று + ஆளி. சுவிட்சுக்கு ஆளி என்பது இலங்கைத் தமிழில் பழகிய சொல். வெறும் 'பற்றி' என்றும் யோசித்தேன். 'பற்றியைப் பற்றி' என்று எழுத நேர்ந்ததும் கைவிட்டேன்!

பெயரைவிட, கூட வரும் சொற்கள்தான் எனக்கு முக்கியம். வாயிலை விட்டபின்பும் கடத்தல் நிலைக்கத் தேவையான குறைந்த அளவு 'பற்று மின்னோட்டம்'. பற்றியபின் அணையாதிருக்கத் தேவையான குறைந்த அளவு, தக்கவைத்தல் என்ற பொருளில், 'தக்க மின்னோட்டம்'. இது முன்னதைவிடக் குறைவு. அதற்கும் கீழே போனால் 'அணைதல்'. மாறுமின்னோட்டத்தில் ஒவ்வொரு அரைச்சுற்றின் முடிவிலும் மின்னோட்டம் சுழியைத் தொடுவதால் தானே அணையும். நேர்மின்னோட்டத்தில் வேறொரு சுற்று வைத்து அணைக்க வேண்டும். அணைந்ததும் உடனே நேர் அழுத்தம் கொடுத்தால், உள்ளே மிஞ்சிய மின்னூட்டங்களால் மீண்டும் பற்றிக்கொள்ளும். தணல் இன்னும் ஆறவில்லை. அது ஆறக் காத்திருக்கும் நேரத்துக்கும் 'ஆறுநேரம்' என்று ஒரு சொல் கிடைக்கிறது.

இரு திசையிலும் கடத்தும் வகையான டிரையாக் 'இருதிசைப் பற்றாளி'. ஒளியால் தூண்டப்படுவது 'ஒளிப்பற்றாளி'. வாயிலில் எதிர்த்துடிப்பு கொடுத்து நிறுத்தும் ஜிடிஓ 'வாயிலணைப் பற்றாளி'. கடைசிச் சொல் நாக்கில் கொஞ்சம் இடறுகிறது, நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

பற்று என்றதும் கணக்கர்களுக்குப் பற்று வரவு நினைவுக்கு வரும் என்பது தெரியும். மின்சுற்றுக்குள் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.