82 வயது, 42 கிலோ, கிரியாட்டினின் 0.9: எந்த எண்ணை நம்பி டோஸ் போடுவது?

வார்டு மருந்தாளுநர்:
82 வயது அம்மா, 42 கிலோ, 148 செ.மீ. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) டாபிகாட்ரான் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தொடங்கலாமா என்று பேச்சு. சீரம் கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 0.9 மி.கி./டெ.லி. லேப் தாளில் 2021 சிகேடி-இபிஐ சூத்திரப்படி இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) 64. எடையையும் சேர்க்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் கிரியாட்டினின் கிளியரன்ஸ் போட்டால் 32, சரிபாதி. வயதானவர், தசை குறைவு என்பதால் 0.9-ஐ 1.0 ஆக்கிப் போடச் சொல்கிறார் ஒரு டாக்டர். எதை எடுப்பது?

முதியோர் மருத்துவம்:
இந்த மருந்துக்கு 32-தான். (140−82)×42 = 2436; அதை 72×0.9-ஆல் வகுத்தால் 37.6; பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க 32. டாபிகாட்ரானில் சுமார் 80% சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதன் டோஸ் வரம்புகளும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கில் வகுத்தவை.

64 என்பது 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புள்ளவருக்கு. இந்த அம்மாவுக்கு 1.31-தான். 64×1.31÷1.73 = 48. ஆக, வித்தியாசத்தில் பாதி உடம்பு அளவால் வந்தது. மீதி, காக்ராஃப்ட்-கால்ட் முதுமையில் குறைத்தே காட்டும் என்பதால். 32-தான் உண்மையான வடிகட்டல் என்று யாரும் சொல்ல முடியாது.

1.0 ஆக்காதீர்கள். 29 ஆகிவிடும், 30-க்குக் கீழே டாபிகாட்ரான் கூடாது. நோயாளியிடம் எதுவும் மாறாமலே மருந்து கைவிட்டுப் போகும். எடையைக் கட்டாயம் தராசில் பாருங்கள். கேஸ் ஷீட்டில் குத்துமதிப்பாக 48 என்று எழுதியிருந்தால் 32 என்பது 37 ஆகிவிடும்.

பயோகெமிஸ்ட்:
எந்த முறையில் பார்த்த 0.9 என்று லேபில் கேளுங்கள். ஜாஃபே முறை (நிறமாற்றத்தை வைத்து அளப்பது) என்றால் கீட்டோன், அதிக குளுக்கோஸ் எல்லாம் கிரியாட்டினினைக் கூட்டிக் காட்டும், பிலிருபின் குறைத்துக் காட்டும். இந்த அம்மாவுக்கு 0.7 என்றால் கிளியரன்ஸ் 41, 1.1 என்றால் 26. தசை வற்றிய உடம்பில் 0.2 அவ்வளவு பெரிய விஷயம். முடிந்தால் என்சைம் முறையில் மறுபடி பாருங்கள். ட்ரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாடிக் ஓடுகிறதா? அது வடிகட்டலைக் குறைக்காமலே கிரியாட்டினினை ஏற்றும்.

தசையைச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை உதவும்; ஆனால் ஸ்டீராய்டும் தைராய்டுக் கோளாறும் அதையும் குழப்பும். அதைவிட முக்கியம், கிரியாட்டினின் நிலையாக இருக்கிறதா என்பது. நேற்று 0.7, இன்று 0.9 என்று ஏறிக்கொண்டிருந்தால் எந்தச் சூத்திரமும் செல்லாது.

வார்டு மருந்தாளுநர்:
நன்றி டாக்டர். அப்படியானால் அதே வேலைக்கான இன்னொரு மருந்து, அபிக்ஸாபன்?

முதியோர் மருத்துவம்:
நானும் அதைத்தான் எடுப்பேன். சிறுநீரகம் வழியாகப் போவது கால்வாசிதான். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இதில் இரண்டு இருந்தால் 2.5 மி.கி. இருவேளை. இவருக்கு முதல் இரண்டும் பொருந்துகின்றன. அதனால் சூத்திரச் சண்டையே வேண்டாம். கிளியரன்ஸை 10-ஆல் வகுத்தால் வருவது எத்தனை மாதத்துக்கொரு முறை ரத்தம் பார்ப்பது என்ற கணக்கு, இங்கே 3. நடுவில் வயிற்றுப்போக்கு வந்தாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலோ காத்திருக்காமல் உடனே பாருங்கள்.